வழி தவறி வருபவர்களுக்கு ஒரு பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மார்க்கம் நகரில் ஓர் உதிரிப்பாகக் கொம்பனியில் எனக்குக் கணினி வேலை. கொன்ட்ராக்ட் வேலைதான், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடியவிருந்தது. நிரந்தரமாக்குவதா இல்லையா என்பது மனேஜர் கையில். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்த அம்மாவை ஸ்பொன்சர் செய்து என்னிடம் கூப்பிட எனக்கு அந்த நிரந்தர வேலைக் கடிதம் வேண்டியிருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் சண்டை வந்தது. கொம்பனியின் இணையத்தளம் இருந்த ஜாவா சேர்வரில் இரண்டு அப்ளிகேஷன்கள் ஓடின. ஒன்று விற்பனைப் பகுதிக்கு, மற்றது திருத்த வேலைப் பகுதிக்கு. கொம்பனியின் இணைய முகவரியை மட்டும் அடித்துக்கொண்டு வருகிறவருக்கு எதைக் காட்டுவது? அப்படிக் காட்டுவதைத்தான் டிஃபோல்ட் அப்ளிகேஷன் என்போம். சேர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரேயொரு வரி. அந்த வரிக்கு இரண்டு பகுதி மனேஜர்களும் கோயிலில் முதல் மரியாதைக் காளாஞ்சிக்கு அடிபடுவது போல அடிபட்டார்கள். என் மனேஜர் விற்பனைப் பகுதி. தன்னுடையதைப் போடச் சொன்னார்.

போட்டுப் பார்த்தேன். பிறகு வேண்டுமென்றே முகவரியைப் பிழையாக அடித்தேன். பாதை பிழைத்து வருகிறவர்களும் டிஃபோல்ட்டில்தான் வந்து விழுவார்கள். பழுதான பம்பைத் திருத்த வருகிறவரிடம் விற்பனைப் பகுதி கடவுச்சொல் கேட்கும். அந்த மனிதர் கடவுச்சொல்லுக்கு எங்கே போவார்? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தங்கள் மரியாதையைப் பார்க்கிறார்களே தவிர, வருகிற சனத்தை ஒருவரும் நினைக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாமல் இரும். சொன்னதைச் செய்துபோட்டு வாரும்," என்றார்.

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு செய்யேலாதப்பா."

"உமக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம், கூடத்தான்."

அடுத்த நாள் மூன்றாவதாக ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதி அதையே டிஃபோல்ட்டாகப் போட்டேன். ஒரே பக்கம், கடவுச்சொல் இல்லை. வாங்க வந்தவருக்கு ஒரு பட்டன், திருத்த வந்தவருக்கு ஒரு பட்டன், கீழே ஒரு தொலைபேசி எண். செய்ததை நானே போய் மனேஜரிடம் சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது. "வெள்ளிக்கிழமை பேசுவோம்," என்றார். சரிதான் போ என்று வந்து இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் என் பக்கத்து மேசைக் கணினியில் உட்கார்ந்து முகவரியைக் கண்டபடி அடித்தார். எப்படி அடித்தாலும் என் பக்கமே வந்தது. கீழே இருந்த எண்ணைப் பார்த்தார், ரிசீவரை எடுத்து அழைத்தார். என் மேசையில் மணி அடித்தது.

வழி தெரியாமல் வருகிறவர்களின் அழைப்பை எடுக்க இரண்டு பகுதிகளுமே மாட்டோம் என்றுவிட்டன. அதனால் என் எண்ணையே போட்டிருந்தேன்.

எடுத்தேன். இரண்டடி தூரத்தில் இருந்துகொண்டு போனிலேயே கேட்டார்:

"திங்கட்கிழமையும் இதை நீங்கள் எடுப்பீர்களா?"

"கடிதம் தந்தால் எடுப்பேன்," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கடிதம் மேசைக்கு வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் இன்னும் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. இருந்தும் அன்றே லொட்ஜுக்குப் போன் எடுத்து, அம்மா லைனுக்கு வந்ததும் சொன்னேன்:

"அம்மா, பெட்டியைக் கட்டுங்கோ."