கானில் கொட்டிய உரம்

மழை வந்தால் இப்போதெல்லாம் நான் உர மூட்டையைப் பிரிப்பதில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுபோய், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்குகிறேன். சும்மா வாங்கிக்கொண்டு வருவதும் இல்லை. எனக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த நீள வாய் ஒரு நாள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எனக்கு உரம் போடும் வேலை. காலையில் ஆளுக்கு இத்தனை மூட்டை என்று கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் மண்டோர் வெறுஞ்சாக்கை எண்ணுவார். உரம் மரத்தடிக்குப் போனதா என்று எந்த மகராசன் போய்ப் பார்க்கிறான்? சாக்கு காலியென்றால் வேலை முடிந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், மிச்ச உரத்தைக் கானில் கொட்டிவிட்டுச் சாக்கை உதறிக்கொண்டு ஓடுவோம். கான் என்பது மர வரிசைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால். எல்லாரும் செய்வதுதான். அந்த மழை மாதத்தில் எத்தனை முறை கொட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கான் போய் விழுவது, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயச்சுரங்கக் குட்டையில். அதில் பக்கத்து வீட்டு அக்கா வலைக்கூண்டு கட்டித் திலாப்பியா மீன் வளர்த்தார். பழக்குலை தூக்கித் தூக்கி இடுப்பு போய், தோட்ட வேலையை விட்டவர். புருஷனும் இல்லை. அந்த மீன்தான் அவருக்குச் சோறு.

தண்ணீர் பச்சையாக மாறியபோது எங்கள் இருவருக்குமே சந்தோஷம்தான். "பாரேன், தண்ணி எவ்ளோ செழிப்பா இருக்கு! மீனுக்கு ஓசிச் சாப்பாடுலா," என்றார் அக்கா. அடுத்த வாரம் அது மசித்த கீரை போலக் கெட்டியானது. பிறகு மூன்று நாள் வெயிலே இல்லை, ஒரே மூட்டம். நாலாம் நாள் காலையில் அக்கா போட்ட சத்தத்தில் லயமே ஓடியது. அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஐயோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மீன்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பாசி மண்டிவிட்டது, வெயில் இல்லாதபோது பாசியே தண்ணீரில் இருக்கும் காற்றைக் குடித்துவிடும், மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றார். பாசி இப்படிப் பெருக வேண்டுமானால் தீனி அதிகமாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் உரம் கலந்திருக்க வேண்டும். தோட்டத்து உரம் இங்கே வருகிறதா என்று மலாயில் கேட்டார்.

உரம் போடுகிறவள் இவள்தான், இவளையே கேளுங்கள் என்று அக்கா என்னைக் கைகாட்டினார்.

மண்டோர் முகமும் போகப்போகிற வேலையும்தான் கண்ணில் வந்தன. மரத்தடிக்குத்தான் போடுகிறோம் என்றேன்.

அப்படியானால் தீனிதான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் அக்கா வீட்டில் புலம்பல் ஓயவில்லை. ஐந்தாம் நாள், மிச்சமிருந்த தீனி மூட்டையை இழுத்துவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"உங்க வீட்டுக் கோழிக்குப் போடு. எனக்கு இனிமே மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது ராசியில்லாத கை. ஆசப்பட்டு அள்ளி அள்ளிப் போட்டு நானே கொன்னுட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "உங்க தீனி இல்லக்கா. நான் கானுல கொட்டுன உரம்க்கா," என்றேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் ஏசக்கூட இல்லை.

"மீன் செத்தத விடுடி. மழைக்கு ஓடியார அவசரத்துல நானா இருந்தாலும் கொட்டியிருப்பேன்," என்றார். "ஆனா நாலு நாளா என் கையவே ஏசிக்கிட்டு அழுதேனே. பக்கத்து வீட்டுலதானே இருந்த? உனக்குக் கேக்கவே இல்லையா?"

கேட்டது. எல்லாம் கேட்டது.