ஏழாம் மனையில் எல்லம்மாள்

சுகாசினி மன்னிக்கிற ரகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் தன்னைத் தனியாக உட்காரவைத்த டீச்சரைப் பல வருஷம் கழித்து பஸ்ஸில் பார்த்தபோதும், எழுந்து இடம் கொடுக்காதவள். போயும் போயும் அவளுடைய அம்மா கல்லறை மேல்தான் ஜேசிபியை விட்டார் தர்மன்.

திருமுக்கூடலுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருந்தது காலனிக்காரர்களின் இடுகாடு. இந்துவோ கிறிஸ்தவரோ, யார் செத்தாலும் அங்கேதான் புதைப்பார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் எல்லோரும் சேர்ந்து புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சுகாசினியின் அம்மா எல்லம்மாள் கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவள். மகன் ஜோசுவா சர்ச்சுக்குப் போகிறவன். அவள் கல்லறையில் சூடமும் எரியும், மெழுகுவத்தியும் எரியும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தர்மன் ஊரில் நிலம் நீச்சு உள்ளவர், கட்சிக்காரர். இடுகாட்டின் ஆற்றோரப் பாதியை மட்டமாக்கி, வேலி போட்டு, அங்கே எந்தக் காலத்திலும் பிணம் புதைத்ததில்லை என்று சாதித்துவிட்டார். மனு கொடுத்தார்கள். வந்து பார்த்த அதிகாரிகளுக்கு வெறும் மண்தான் தெரிந்தது. சுகாசினியின் அப்பா முனுசாமி, பெண்டாட்டியின் எலும்பையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று தர்மன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"செத்தவளுக்கு இன்னாய்யா எடம் வோணும்? போய் வேலையப் பாரு" என்றார் தர்மன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். அதற்கப்புறம் முனுசாமி வாய்விட்டுப் பேசியதை யாரும் கேட்கவில்லை. சுகாசினி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கும் சர்வே ஆபீஸில் அவளுக்கு வேலை. வெளியே போகிற ஆட்கள் எல்லைக் கற்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துவருவார்கள். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரைபடமாக்கிக் கொடுப்பது அவள் பொறுப்பு. முதலாளி பிரேம்நாத், தர்மனுக்கு ஒன்றுவிட்ட மச்சான். ஆகவே இடுகாட்டு நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரிக்கும் தர்மனின் வேலையும் அங்கேயே வந்தது. தர்மனுக்கு அவள் முகம் தெரியாது. காலனியில் யார் முகத்தை அவர் நின்று பார்த்திருக்கிறார்?

மனைகளின் கோடுகளை வரைந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கல்லறைத் திருநாளில் காலனியே செல்போனும் கையுமாக நிற்கும். ஒவ்வொரு கல்லறை முன்னாலும் குடும்பத்தோடு போட்டோ. லொகேஷன் போட்டு வைத்திருக்கும் போன் எடுத்த போட்டோவுக்குள், எடுத்த இடத்தின் எண்களும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"பழைய போட்டோ எல்லாம் அனுப்புங்க" என்று காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வந்து குவிந்தன. திறந்து பார்த்தால் ஒன்றில்கூட அந்த எண்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும்போது அவை கழன்றுவிடும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆத்திரத்தில் மறந்துவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு, கேபிளோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். உடைந்த போன், அணைந்த போன், அரிசிப் பானைக்குள் கிடந்த போன், எல்லாவற்றிலிருந்தும் அசல் படங்களை உருவினாள்.

எண்களை மென்பொருளில் ஏற்றினால் மறுபடி கூத்து. காலனியின் பிணம் மொத்தமும் வட துருவத்துக்குப் பக்கத்தில், பனித் தீவு ஒன்றில் போய் விழுந்தது.

ஜோசுவா பதறிப்போனான். "இன்னாக்கா இது, அம்மா எங்க கீது?"

"ரெண்டு நம்பரையும் எடம் மாத்திப் போட்டுட்டேன்டா. நாம அட்சரேகைய மொதல்ல சொல்றோம். இது தீர்க்கரேகைய மொதல்ல கேக்குது. இரு, இட்டாந்துடறேன்."

எண்களை இடம் மாற்றினாள். பனியிலிருந்து எல்லோரும் பாலாற்றங்கரைக்குத் திரும்பி வந்தார்கள். வந்து, தர்மனின் மனைகளுக்குள் வரிசையாக நின்றார்கள். எல்லம்மாள் நின்றது ஏழாம் மனையில். அங்கே ஏற்கெனவே வீடு எழும்பிவிட்டது. தர்மன் தன் மகள் அனுவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. கைக்குழந்தையோடு அவள் குடிவந்தும் ஆயிற்று. சுகாசினி திரையைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஜோசுவா பார்த்ததில்லை.

மனை விற்பனைக்குக் கல்யாண மண்டபத்தில் விழா. வந்தவர்களுக்கு டிபன், காபி, பெரிய திரை. தர்மன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் இருந்தார்.

"மேப்பப் போடும்மா" என்றார் பிரேம்நாத்.

போட்டாள். ஒரு கோட்டைக்கூட அவள் நகர்த்தவில்லை. தர்மனின் மனைகள் அச்சு பிசகாமல் வந்தன. அதன்மேல் இன்னொரு அடுக்கைத் திறந்தாள். மனைக்கு மனை சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் செத்தவர் பெயர், சுண்ணாம்பு அடித்த கல்லறை, மாலை, சுற்றிலும் குடும்பம்.

"இன்னாபா இது, சுடுகாட்டயா விக்கிறீங்க?" என்று ஒருவர் எழுந்தார்.

"பொய்! கம்ப்யூட்டர்ல எத்த வேணா ஒட்டலாம்!" என்று கத்தினார் தர்மன்.

"பின்னாடி தெரியுதே மோட்டார் கொட்டாய், அதுல எழுதியிருக்கறது உங்க பேருதான?" என்று மைக்கிலேயே கேட்டாள் சுகாசினி.

படத்தைப் பெரிதாக்கினாள். அவர் பெயர்தான். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முன்பணம் கொடுத்தவர்கள் தர்மனைச் சூழ்ந்துகொண்டார்கள். இனி ஆபீஸ் பக்கம் வராதே என்றார் பிரேம்நாத். அவள் காதில் வாங்கவில்லை. அவ்வளவு நிறைவாக இருந்தது.

கூச்சலுக்கு நடுவே தர்மனின் மனைவி லோகாம்பாள் அவளருகே வந்தாள். பின்னால் குழந்தையை இறுக்கிக்கொண்டு அனு.

"ஏழாம் மனையில யாரும்மா?"

"எங்கம்மா. எல்லம்மாள்."

லோகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "எந்த ரூமுன்னு மட்டும் சொல்லிடும்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும். அத்தப் பூட்டிடறோம். கொழந்தய வச்சிக்கினு இருக்குது பொண்ணு."

தொட்டில் கட்டியிருக்கும் அறை என்று சொல்லிவிட சுகாசினிக்கு நாக்குத் துடித்தது. அதைவிட உண்மை நன்றாக இருந்தது.

"அது செல்போன்ல எடுத்ததும்மா. நாலஞ்சு மீட்டர் முன்னப் பின்ன இருக்கும். இந்த ரூமுதான்னு சொல்ல முடியாது. எந்த ரூமா வேணா இருக்கலாம்."

அனு இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியைக் கழற்றி அம்மா கையில் திணித்தாள். அவர்கள் முகத்தை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் சுகாசினி லேப்டாப்பை மூடினாள்.