கல்லாற்றோடு திரும்பிய கார்

என் மேஜை இழுப்பறையில் கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைத் துண்டு கிடக்கிறது. கார் எஞ்சினில் ஓடும் தண்ணீரின் சூட்டை அறிந்து, டாஷ்போர்டில் உள்ள மீட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. அதில் ஒரு பழுதும் இல்லை. மிகச் சரியாக வேலை செய்யும் அந்தப் பொருளை நானே மாட்டி, அரைமணி நேரம் ஓடவிட்டு, நானே கழற்றிக் கொண்டுவந்து இங்கே போட்டேன். பேனா தேடும்போதெல்லாம் கையில் இடறுகிறது. தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை, வேண்டியவர்களுக்குக் கொடுக்கவும் மனம் வருவதில்லை.

அந்தக் கார் என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. அத்தையின் கணவர் பொன்முடி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதியவர். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அத்தைக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அவர் எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கிய பழைய கார். இன்னொன்று, அந்த நாட்களில் இரவும் பகலும் அத்தையோடு உட்கார்ந்திருந்த எஸ்டேட் மருந்தகத்து நர்ஸம்மா. அத்தை பிறகு திருவனந்தபுரம் வந்து, கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்து, எண்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றாள். காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த மாடலுக்கென்றே ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, நான் செய்த காரியம் தெரிந்தால் அவர்கள் என்னைத் தெருவில் நடக்கவிட மாட்டார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அத்தை பொன்முடிக்குப் போவாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, முதுகைச் சீட்டில் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவாள். நர்ஸம்மா ஓய்வு பெற்ற பிறகும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே மகளோடு இருந்தார். கால் வீங்கி, மலை இறங்க முடியாதவர். அத்தை முறுக்கும் அதிரசமும் கொண்டுபோவாள், தேயிலைத்தூள் பொட்டலத்தோடு வருவாள். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். மலையடிவாரத்தில், கல்லாறு என்ற இடத்தில் காரை நிறுத்தி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மூக்கைச் சுருக்கி ஒரு முறை மோந்து பார்ப்பாள். "போலாம்" என்பாள். அவ்வளவுதான் சோதனை. அதன்பின் வளைவு வளைவாக அந்தக் கிழட்டுக் கார் முனகிக்கொண்டே ஏறிவிடும்.

எழுபதைத் தாண்டிய அக்கா தனியாக மலையேறுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்காவிடம் நேரில் சொல்லும் தைரியம் அவருக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. என்னிடம்தான் புலம்புவார். எனக்கோ, யூடியூப் பார்த்து மெக்கானிக் ஆனவனுக்கு உண்டான கை அரிப்பு. அத்தையின் காரில் தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரே கிடையாது, வழியில் எஞ்சின் கொதித்தால் என்ன செய்வாள் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து, ஆன்லைனில் மீட்டர் ஒன்றை வரவழைத்தேன். உண்மையாகவே அக்கறையால்தான் செய்தேன். அதை இப்போது சொல்லி என்ன பயன்?

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை நடுவில் அறுத்து, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய ஓர் இணைப்பைச் செருகி, அதில் சென்சாரைத் திருக வேண்டும். மீட்டரோடு வந்த சென்சார் அந்த இணைப்பின் மரையில் ஏறவில்லை. பட்டறையில் அளவு தப்பாகச் சொன்னவன் நான்தான். திரும்பப் போய்க் கடையச் சொல்லச் சோம்பல்பட்டு, சாலைக் கடைத்தெருவில் மரை சேர்கிற வேறொரு சென்சாரை வாங்கித் திருகினேன். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. வயரைப் பூட்டியதும் முள் அசைந்தது. நான் ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அத்தைக்கு ஆனந்தம். "நம்பர் இருக்குல்லா! இனி என்ன பேடி, என்ன பயம்?" என்றாள். வாழ்நாளெல்லாம் எண்களை நம்பியவள். அன்றோடு உள்ளங்கை சோதனையும் மூக்குச் சோதனையும் நின்றுபோயின. அடுத்த முதல் சனிக்கிழமை மதியமே வீடு திரும்பி எனக்குப் போன் செய்தாள். கல்லாறு தாண்டி இரண்டாவது வளைவிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாம். ஆறவைத்து மறுபடி ஏறினாளாம், மறுபடியும் சிவப்பு. "வண்டிக்கு வயசாயிட்டு மக்கா. நான்தான் இவ்வளவு நாளும் தெரியாம அதைப் போட்டு வதைச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றியிலும் நீட்டினார்களே, அதுபோல எஞ்சினுக்கு நீட்டிப் பார்க்கும் கருவி ஒன்று நண்பனிடம் இருந்தது. வாங்கிவந்து, அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சோதித்தேன். எஞ்சினில் எண்பது. மீட்டரில் நூறு, சிவப்புக்கு ஒரு கோடுதான் பாக்கி. மரை சேர்ந்ததே தவிர, அந்த சென்சாரும் மீட்டரும் ஒன்றுக்கொன்று சேராதவை. கார் முன்பு போலவே நன்றாக இருந்தது. முள்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வண்டி ஓட்டாதேன்னு அக்காகிட்ட சொல்ல நமக்குத் தைரியம் உண்டா? இல்லல்லா? அந்த மீட்டர் சொல்லுது. சொல்லட்டும், நீ சும்மா இரு." சும்மா இருந்தேன். அப்பா சொன்னதால் என்று பழியை அவர் தலையில் கட்டலாம். ஆனால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மாதாமாதம் ஒரு சனிக்கிழமை கவலைப்பட வேண்டியதில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் எனக்கு ஏதாவது வேலை வந்தது. அத்தை மறுமுறை கேட்கிற ஆள் இல்லை. தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், கல்லாறு தாண்டியதும் முள் சிவப்புக்குப் போகும், திரும்பிவிடுவாள். ஒரு தடவை தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து பஸ் பிடித்துப் போனாள். ஆயுள் முழுக்க அந்த வளைவுகளில் தானே ஸ்டீரிங் பிடித்தவளுக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வாந்தி வந்துவிட்டது. பாதியில் இறங்கித் திரும்பிவிட்டாள். நர்ஸம்மாவுக்குக் காது மந்தம், போனில் பேச்சு நீளாது. அத்தை வீட்டில் பொன்முடித் தேயிலை தீர்ந்து, கடைத் தேயிலை வந்தது. அந்தத் தேநீரையும் கூச்சமில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

மழைக்காலத்தில் நர்ஸம்மா இறந்துபோனார். டாக்ஸி பிடித்தோம். அத்தை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லாறு வந்ததும், "கொஞ்சம் நிறுத்து மோனே, சூடு ஆறட்டும்" என்றாள். டிரைவர் சிரித்தபடி, "வேண்டா அம்மச்சீ, இது சூடாவில்லா" என்று ஏற்றத்தில் விட்டார். நான் பின்சீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே, நர்ஸம்மாவின் மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "முதல் சனிக்கிழமை வந்தா அம்மா நாற்காலிய வெளியில போடச் சொல்லும். வளைவுல உங்க வண்டிச் சத்தம் கேக்குதான்னு என்னைத்தான் கேட்டுட்டே இருக்கும்." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆனால் அத்தை குற்றவாளியைப் போல நின்றாள். "நான் வராம இருக்கல்ல மோளே. கல்லாறு வரைக்கும் எத்தனையோ தடவை வந்தேன். எனக்க வண்டி ஏறமாட்டேங்குது. சூடாவுது. என்னை மன்னிச்சுக்கோ" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். என் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தைகளை அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பிய வாரமே லேத் பட்டறைக்குப் போனேன். இந்தமுறை அளவைச் சரியாகச் சொல்லி இணைப்பைக் கடையச் சொன்னேன். மீட்டரோடு வந்த சென்சார் எங்கோ தொலைந்திருந்தது. அதற்குப் பொருத்தமான புதியதை வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் காரில் மாட்டினேன். எஞ்சின் ஓட ஓட முள் மெல்ல ஏறி எண்பதில் நின்றது. அத்தையை உட்காரவைத்து ஊரைச் சுற்றி வந்தேன். ஏற்றங்களில் கொஞ்சம் நகர்ந்து, இறக்கத்தில் எண்பதுக்கே வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வாசலில் காரை நிறுத்தினேன்.

அத்தை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கேடாயிட்டு மக்கா. சூடே காட்டல்ல."

"இல்ல அத்தை, இப்பதான் சரியாக் காட்டுது. பழசு..."

"பழசு சரியாத்தான் காட்டிச்சு." அத்தை என்னைப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "இது நிஜம்னா, நான் என்னத்துக்கு ஒவ்வொரு தடவையும் கல்லாத்துலயிருந்து திரும்பி வந்தேன்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் என் பாரம் இறங்கும். இறங்குகிற பாரம் எங்கே போய் உட்காரும் என்பதும் தெரிந்தது. அவள் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினாள். "பழசையே மாட்டு" என்று மட்டும் சொன்னாள். அத்தைக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. குழாயின் சூடு ஆறும்வரை காத்திருந்து, நல்ல சென்சாரைக் கழற்றி, பழைய இணைப்போடு பொய் சொல்லும் சென்சாரை மறுபடியும் மாட்டினேன்.

கார் இப்போது எங்கும் போவதில்லை. பாட்டரி செத்துவிடாமலிருக்க ஞாயிறுதோறும் நான் போய் ஸ்டார்ட் செய்கிறேன். அத்தை பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நிற்கிற இடத்திலேயே நிற்கும் காரில், முள் ஏறி நூறைத் தொடும். "பாத்தியா, எப்படிச் சூடாவுதுன்னு" என்பாள்.

"ஆமா அத்தை, ரொம்பச் சூடாவுது" என்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இழுப்பறையைத் திறந்தால் அந்தப் பித்தளைத் துண்டு கிடக்கிறது.