ரெண்டாம் கோட்டை

என் சித்தப்பா தஞ்சோங் காராங் கடைத்தெருவில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தட்டச்சு வகுப்பு நடத்திவந்தார். எண்பதுகளின் நடுவில் அந்த மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. இனிமேல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் தேவைப்படும் என்று சித்தப்பா விளக்கினார். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அப்பா எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துப் பழகியவர். "படிச்சிக் குடுக்கவா வாங்கியிருக்க, விளையாடவா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் அந்த மாடியில் விளையாட்டைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அது கோட்டை. ஒரு கைதி கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறான். காவல்காரர்கள் கண்ணில் படாமல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நழுவி, கடைசியில் வெளியேற வேண்டும். அவன் கையில் ஆயுதம் கிடையாது. திரையில் பச்சையைத் தவிர வேறு நிறமும் கிடையாது. ஒரு நேரத்தில் ஓர் அறைதான் தெரியும். அதுவும் நம் குளியலறை அளவுக்கு. ஆனால் பக்கத்து அறையில் காவல்காரன் நடந்தால் அவனுடைய பூட்ஸ் சத்தம் டொக் டொக் என்று கேட்கும். சத்தம் நெருங்கினால் பெட்டிக்குப் பின்னால் அசையாமல் நிற்க வேண்டும். விலகினால் ஓட வேண்டும்.

சித்தப்பாவை அதில் யாராலும் அசைக்க முடியவில்லை. ஜன்னல்களை மூடச் சொல்வார். காற்றாடியை நிறுத்தச் சொல்வார். தட்டச்சு படிக்க வந்த அக்காமார்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். "வர்றான்" என்று நான் கிசுகிசுப்பேன். "இல்ல, போறான்" என்பார் அவர். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவைவிட, பள்ளித் தலைமையாசிரியரைவிட, சித்தப்பாதான் உலகத்திலேயே கெட்டிக்காரர் என்று முடிவு செய்திருந்தேன்.

பிறகு ரெண்டாம் கோட்டை வந்தது. கீழே சைக்கிள் கடைக்காரரின் மகன் கோலாலம்பூரில் யாரிடமோ நகல் எடுத்துக் கொண்டுவந்தான். என் அண்ணன் அதற்காக எங்கள் வீட்டுப் பழைய கலர் டிவியைத் தூக்கிவந்து, வயர்களை மாற்றி மாற்றிச் செருகி, கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டான். படம் வந்ததும் மாடி முழுக்க ஒரே ஆரவாரம். நீல வானம், செங்கல் சுவர், மஞ்சள் விளக்குகள். சின்னச் சின்ன அறைகள் போய்விட்டன. கைதி நடக்க நடக்க முற்றமும் தோட்டமும் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போயின. கையில் துப்பாக்கி இருந்தது. பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருந்தது.

சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வகுப்பு இரண்டு கட்சியானது.

"கோட்டைன்னா மூச்சு முட்டணும்டா. இது என்னா, பாடாங் மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா. பாடாங் என்றால் பந்து விளையாடுகிற திடல்.

"பழசு அடுப்பங்கரையில ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி இருந்துச்சு சித்தப்பா. இதுல எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம்" என்றான் அண்ணன்.

"பாட்டு நல்லா இருக்கு லா" என்றாள் தட்டச்சு படிக்க வந்த ஓர் அக்கா.

"பாட்டு ஓடுனா காலடி எப்படிக் கேக்கும்? திருட்டுத்தனமா போறவன் ரேடியோவைக் கையில புடிச்சிக்கிட்டா போவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாதங்களை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பயம் என்பது இருட்டில்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் இல்லை. துப்பாக்கி கையில் வந்துவிட்டால் புத்தி வேலை செய்யாது. சுவர்கள் நெருக்கமாக இருந்தால்தான் தப்பிப்பதில் சுவை. சித்தப்பா சொன்ன இதையெல்லாம் மனப்பாடம் செய்து, பஸ்ஸிலும் வீட்டிலும் அண்ணனிடம் திருப்பிச் சொன்னேன். சோறு போடும்போது இந்தச் சண்டையைக் கேட்டுச் சலித்துப்போன அம்மா, "அந்த ஆளு என்னா தப்பு செஞ்சான்னு உள்ள போட்டாங்க?" என்று ஒரு நாள் கேட்டார். எங்கள் இரண்டு கட்சியிலும் யாருக்கும் அது தெரியவில்லை.

சித்தப்பாவின் மிகப் பெரிய குறை வேறொன்று. "ஓரத்துலேர்ந்து திடீர்னு குதிக்கிறான். வர்றதுக்கு ஒரு அடையாளம் வேணாமா? இது நியாயமான கட்டுமானமே இல்ல" என்பார்.

"தூரத்துலேயே தெரியுதே சித்தப்பா, நடந்துதானே வர்றான்!" என்பான் அண்ணன்.

வாக்குவாதம் முற்றி, ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் சித்தப்பா ரெண்டாம் கோட்டையை விளையாடிக் காட்டுவதென்று ஏற்பாடானது. முதல் முற்றத்திலேயே இடது ஓரத்திலிருந்து வந்த காவல்காரன் அவரைப் பிடித்தான். மறுபடி தொடங்கினார். வலது ஓரத்திலிருந்து ஒருவன் வந்தான். அவன் நிதானமாக நடந்து வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் நேராகத் திரையின் நடுவையே முறைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே மாட்டிக்கொள்கிறார், இந்த விளையாட்டு எவ்வளவு மோசம் என்று நிரூபிக்கிறார் என்று நான் நினைத்தேன். மறுபடியும் மறுபடியும் மாட்டினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல நிறுத்தினார்கள். சித்தப்பா சுவிட்சை அணைத்துவிட்டு, "இது விளையாட்டே இல்ல" என்று சொல்லி ஜன்னல்களைத் திறக்கப் போனார். போகிற வழியில் ஒரு நாற்காலி அவர் தொடையில் இடித்துச் சரிந்தது. அவர் அதை நிமிர்த்தி வைக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, சுங்கை புரோங் பாதையில் அவருடைய மோட்டார் சைக்கிள் வயல் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. பக்கத்துச் சந்திலிருந்து வந்த லோரியைக் கடைசி நொடியில்தான் பார்த்தாராம். நெற்றியில் தையலும் சேறு காயாத சட்டையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தவரை அப்பா வாசலிலேயே நிறுத்தி, குடித்திருக்கிறாயா என்று கேட்டார். சித்தப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவ்வளவு பெரிய லோரி கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு அவரால் வேறு காரணம் யோசிக்க முடியவில்லை. சித்தப்பா திரும்பி நடந்தார். இரண்டு பேரும் பல நாட்கள் பேசிக்கொள்ளவில்லை.

தையல் பிரிக்கப் போன இடத்தில்தான் டாக்டர் அவர் கண்ணைச் சோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய். வலி இருக்காது. நடுவில் தெரிவது தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால், சுற்றிலும் இருட்டு நெருங்கி வருவது ஆளுக்கே தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. அவர் விளையாட்டின் மேல்தான் சந்தேகப்பட்டார். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மருந்து கொடுத்துப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எங்களிடம், "சித்தப்பாவுக்குக் கண்ணுல கொஞ்சம் கோளாறு, கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். அண்ணனுக்கு மட்டும் முழு விவரமும் தெரிந்திருக்கிறது. அவனுக்குப் பதினாறு வயது ஆகியிருந்தது.

மருந்து பெரிதாக எதையும் காப்பாற்றவில்லை. வகுப்பு மூடப்பட்டது. சித்தப்பா எங்களோடு வந்து தங்கினார், கம்ப்யூட்டரும் வந்தது. எங்கே போனாலும் அண்ணனின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார். எதிர்க்கட்சிக்காரனோடு இவ்வளவு நெருக்கம் எதற்கு என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அண்ணனைக் கூப்பிட்டு, "ரெண்டாம் கோட்டையைப் போடு. நான் பாக்கல, நீ சொல்லு" என்றார்.

அண்ணன் விளையாடத் தொடங்கினான். "முற்றம் சித்தப்பா. எதிர்ல ஒரு கிணறு. எடது பக்கம் ஒருத்தன் வர்றான், இன்னும் தூரத்துலதான் இருக்கான். இப்ப செடிக்குப் பின்னால உக்காந்துட்டேன். வலப் பக்கம் ஆளில்ல. வானம் இருட்டுது." சித்தப்பா டிவியைப் பார்க்காமல் அண்ணனின் பக்கமாக முகத்தைத் திருப்பிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே, "சுவரு என்னா கலரு?" என்றும், "இப்ப ஓரத்துல யாரு?" என்றும் கேட்டார். முதன்முறையாக அந்தக் கைதி கடைசி மதிலைத் தாண்டினான்.

"நல்லாத்தான்டா கட்டியிருக்கான்" என்றார் சித்தப்பா.

வெற்றிக் கூச்சல் போட்டிருக்க வேண்டிய அண்ணன், எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "காலடிச் சத்தமே கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது கோட்டையே இல்லன்னு சொன்னீங்களே!" என்று சித்தப்பாவிடம் கத்தினேன்.

"சொன்னேன்மா. இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லி, என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார். கை என்னை விட்டு விலகி, நாற்காலியின் முதுகைத் தொட்டு நின்றது. என்னைச் சமாதானப்படுத்தக்கூட அவருக்கு அக்கறையில்லை என்று நினைத்து, நான் தெருவுக்கு ஓடினேன். எங்கள் கட்சியை விட்டுவிட்டு அவர் அந்தப் பக்கம் போய்விட்டதாகத் தோழிகளிடம் அழுதேன். சித்தப்பா தோற்றுவிட்டார் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது. எதில் தோற்றார் என்று எனக்குச் சொல்ல, அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.