ஒரே சிப்புக்கு இரண்டு அளவு

மீட்டர்க்காரிக்கு யாரையும் லேசில் நம்பிவிடும் பழக்கம் இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பாள். கைபேசிக்குள் வைக்கிற சிப்புகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று அளக்கும் கூடத்தில் அவள் பதினோரு வருஷம் நிலைத்ததற்கும் அந்தக் குணம்தான் காரணம்.

அவளுக்கு மதிய ஷிப்ட். காலை ஷிப்டுக்கு வருபவர் கேட்டால் ஒழிய வாய் திறக்காதவர். அமுக்குணி என்று அவருக்குப் பெயர் வைத்ததே அவள்தான்.

ஒரு புது சிப் வந்தது. அதைப் பொருத்திய ஒரே பலகை, ஒரே மீட்டர், அதில் ஓட்டுகிற ஒரே வீடியோ, ஒரே வேகம். காலையில் அவர் எழுதுவது இரண்டு வாட். மதியம் இவள் எழுதுவது இரண்டரை. ஒன்பது நாளாக இதே கதை.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "ஒரு சிப் ஆளுக்குத் தகுந்த மாதிரி சாப்பிடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள யார் அளவு தப்புன்னு தெரியணும். தப்பா அளந்தவங்க பேக்கிங் பக்கம் போயிடலாம்."

அமுக்குணி தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். மடியில் கனமில்லாத மனுஷன் தரையில் என்ன தேடுகிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று கிளம்புமுன் மீட்டரின் திருகுகள்மேல் கடுகளவு நகப்பூச்சு வைத்தாள். யாராவது திருகினால் பூச்சு விரிசல் விடும்.

"என் மேல எங்கெல்லாம் பொட்டு வச்சிருக்க?" என்றான் புருஷன், இரவு வீட்டில் அவள் இதைச் சொன்னதும், துணி மடித்துக்கொண்டே.

"உங்களுக்கு எதுக்கு? உங்க மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

மறுநாள் பூச்சு அப்படியே இருந்தது. அது அவளுக்கு நிம்மதி தரவில்லை. ஆள் எமகாதகர் என்றுதான் தோன்றியது. "அவர் மீட்டர்ல ஏதோ பண்றார் சார்" என்று மேனேஜரிடம் சொல்லியும் விட்டாள்.

வியாழக்கிழமை காலையிலேயே வந்து, ஃபைல் தேடுகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் நின்றாள். அமுக்குணி பலகையை அதன் நாலு குட்டிக் கால்களில் மேசைமேல் நிறுத்தினார். வீடியோவை ஓட்டினார். பிஸ்கட் தின்றார். அளவை எழுதினார். அவ்வளவுதான்.

அவர் திரையின் ஓரத்தில் சிப்பின் சூடு தெரிந்தது. நாற்பத்தெட்டு. அவள் ஷிப்டில் அது எண்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அதனால் இருவருமே எழுதியதில்லை.

மதியம் தன் ஷிப்டில் அதே பலகையைப் பார்த்தாள். கால் உடையக்கூடாதே என்று பெட்டியோடு வந்த கறுப்பு ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பாக அடியில் போட்டிருந்தாள். வேலை முடிந்ததும் அதைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவாள். பலகை அதில் கன்னம் புதையத் தூங்கியது. எண்பத்திரண்டு டிகிரி. இரண்டரை வாட்.

ஸ்பாஞ்சை உருவினாள். எண்கள் மாடிப்படி இறங்குவதுபோல இறங்கி இரண்டில் நின்றன. திரும்ப வைத்தாள்; ஏறின. சூடேறினால் சிப்புக்குள் மின்சாரம் வீணே கசியும். பயிற்சியில் மனப்பாடம் செய்து ஒப்பித்த விஷயம்.

ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேனேஜர் அவரைத்தானே குடைவார். வெள்ளிக்கிழமை காலை ஸ்பாஞ்சோடு அமுக்குணி முன்னால் போய் நின்றாள். "தப்பு என்னோடதுதாங்க. இதுதான் சூட்டை அடைச்சிருக்கு."

அவர் ஸ்பாஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்தாநாள் நான் மீட்டர்ல கை வைக்கறேன்னு சொன்னீங்களாம். இன்னிக்கு இது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானே பாக்கறேன்."

கைகள் இரண்டும் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு அவள் சுவரோரம் நின்றாள். அவர் ஸ்பாஞ்சை வைத்து இரண்டு முறை, எடுத்து இரண்டு முறை அளந்து ஒரு தாளில் எழுதினார். பிறகு தாளோடு மேனேஜர் அறைக்கு நடந்தார். பேக்கிங் கூடத்தில் எந்த மேசை காலியாக இருக்கும் என்று நினைத்தபடி அவளும் பின்னால் போனாள்.

"ரெண்டு அளவும் சரிதான் சார்," என்றார் அமுக்குணி. "சூடுதான் வேற. படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் போடணும்."

மேனேஜர் தாளைப் படித்தார். "அப்ப யாரும் எங்கேயும் போக வேண்டாம். கட்டத்தைப் போடுங்க."

படியிறங்கும்போது அவள் கேட்டாள்: "என்னை ஏன் காட்டிக்கொடுக்கல?"

"மீட்டர் காட்டினதைச் சொன்னேன்."

மூன்று மாடியும் இறங்கி முடியும்வரை அவர் முகத்தை ஓரக்கண்ணால் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.