கல்வெட்டுக்கு ஒரு படம்

மனைவி மறைந்த பதினெட்டாம் நாள், ரொறன்ரோவுக்கு வேலைக்குத் திரும்பியிருந்த மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, கல்வெட்டுக்கு அம்மாவின்ர வடிவான படம் ஒண்டு தேடி அனுப்புங்கோ. பாஸ்போட் படம் வேண்டாம். அதிலை ஆரோடையோ சண்டைக்குப் போறவ மாதிரி நிக்கிறா.”

முப்பத்தோராம் நாளில் உறவினர்க்கு வழங்கும் நினைவு நூலையே யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்கிறோம். அவளது வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தேன். அட்டைப் படமே எஞ்சியிருந்தது.

பியர்பொன்ட்ஸ் நகர் வீட்டில் நான் மட்டும். சாளரத்துக்கு வெளியே, குளிருக்காக அண்டை வீட்டார் சாக்குச் சுற்றிய செடிகள் தலையற்ற உருவங்களாய் நின்றன. கணினியைத் திறந்தேன். திருமண வீடுகளில் எடுத்த படங்களில் எல்லாம் அவள் யாருக்கோ பரிமாறக் குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. நாங்கள் இருவர் மட்டும் நல்ல படக்கருவியோடு சென்றது ஒல்லாந்துக்குத்தான்.

அங்கே ஒரு பழைய அரண்மனைத் தோட்டம். அளவெடுத்துக் கத்தரித்த பசுவேலிகள். அவற்றிடையே பீடங்களின்மேல் உரோமரின் பளிங்குத் தெய்வங்கள். கதிர்க்கட்டு ஏந்திய விளைச்சல் தெய்வம், திராட்சைக் குலையோடு மதுத் தெய்வம், முத்தலைவேல் பிடித்த கடல் தெய்வம். அவற்றைப் பற்றிக் கட்டுரை வரையும் நோக்கோடு ஒவ்வொன்றையும் நாற்புறமும் நின்று எடுத்திருந்தேன். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். ஒன்றிலும் மனித முகம் இல்லை.

“சற்று அப்பால் நில்லும். சமச்சீர் கெடுகிறது” என்று ஒவ்வொரு முறையும் அவளிடம் சொன்னவன் நானே.

“இஞ்சேருங்கோ, இந்தக் குளிருக்கை உவைக்கு ஒரு துவாய் குடுக்கவும் ஆளில்லை. உவை உங்களுக்கு வடிவு. கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிற நான்தான் பழுது, என்ன?” என்றாள், ஆடையற்ற சிலைகளைக் காட்டி.

நான் சிரிக்கவில்லை. வெயில் மறையுமுன் எடுக்கவேண்டும் என்றேன்.

விளைச்சல் தெய்வத்தின் படமொன்றில் மட்டும், பீடத்தின் ஓரத்தில், என் குடையைப் பிடித்த ஒரு கை. அதை மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“அப்பா, இதிலை அம்மா எங்கை?”

“இடப்பக்க விளிம்பில். கை.”



“ரெண்டு பேருமா அங்கை ஒரு கிழமை, ஏழு நாளும், நிண்டனீங்கள்தானே?”

“ஓம்.”

“சரி, பாஸ்போட் படத்தையே போடுவம்.”

அவள் வைத்தபின் அந்தக் கையைத் திரையில் பெரிதாக்கினேன். பளிங்குக் கதிரின் மணிகள் ஒவ்வொன்றாய் எண்ணத்தக்கவாறு துலங்கின. குவியம் கல்லின்மேல் இருந்தமையால் அவள் விரல்கள் எத்துணை பெரிதாக்கினும் மங்கலாகவே இருந்தன. அன்று அவள் மோதிரம் அணிந்திருந்தாளா என்பதுகூடத் தெரியவில்லை.