அணையாத சிவப்பு விளக்கு

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பெரிய டிவி கொண்டுவருவார் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளெல்லாம் காத்திருந்தன. லொறியிலிருந்து இறங்கியவை மரப்பெட்டிகள். உள்ளே பாகம் பாகமாக ஒரு சின்ன விமானம். இரண்டு பேர் உட்காரலாம். நாமேதான் பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். "இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை வருடம் ஸ்பிரிங்வெளி மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர் வேறென்ன சொல்வார்?

கிறுக்கு ஒன்றுமில்லை. வளைகுடா விமான நிலையத்தில் பழுது பார்க்கும் வேலை செய்துகொண்டே, அண்ணன் அங்கே ஓட்டவும் பழகி உரிமம் எடுத்திருந்தார். பிறகு கண் அழுத்தம் வந்தது. உரிமத்துக்காக வரப்போகும் தைமாதக் கண் பரிசோதனையில் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் நான் கட்டினத நானே ஓட்டிரணும் தங்கச்சி. அப்புறம் கண்ணு போனா போகட்டும்."

"வாயக் கழுவுங்க அண்ணே" என்றேன்.

மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் வேலை நடந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவேன். என் விரல்கள் மெலிந்தவை என்பதால், அவர் கை நுழையாத இடங்களில் வயர் இழுக்கும் வேலை எனக்கு. எல்லாம் முடிந்து ஆயுத பூஜையும் வந்தது. வாழை இலை, பொரி, கடலை என்று வழக்கம்போல் படைத்தோம். கிறுக்கு என்று சொன்ன அம்மாவே சந்தனக் கிண்ணத்தோடு வந்து, இறக்கைக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார். அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்குப்பின் நான் பார்க்கவில்லை.

பூஜைக்குப் பிறகுதான் சனியன் ஆரம்பித்தது. விமானத்தின் கண்ணாடிக் கூரையை மூடினால் இரண்டு பக்கமும் கொக்கி விழும். விழுந்ததும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று சின்ன நெம்புகோலை இழுக்கும். அது ஒரு ஸ்விட்சை அழுத்தும். இரண்டு ஸ்விட்சும் அழுந்தினால் முன்னால் எரியும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அது அணையவில்லை. காலையில் அண்ணன் தனியாகப் போய்ப் பார்த்தால் எரியும். பகலில் நான் போனால் நல்ல பிள்ளையாக அணைந்துவிடும்.

"டீச்சரம்மாவக் கண்டா அதுக்கும் பயம்" என்று கேலி செய்தார்.

காலைப் பனியில் ஈரம் ஏறுகிறது, அதனால் வயரில்தான் கோளாறு என்று இருவருமே முடிவு கட்டிவிட்டோம். வயரை மாற்றினோம். ஸ்விட்சுகளைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தோம். மீட்டர் கீச்சென்று சரியாகக் கத்தியது. ஆனாலும் புதிது வாங்கிப் போட்டோம். பழைய ஸ்விட்ச் என்ன பாவம் செய்தது! கோளாறு இருக்கும் நேரத்தில் நான் அங்கே இல்லை, நான் இருக்கும் நேரத்தில் கோளாறு இல்லை. விடுமுறை நாளிலும் காலையில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு காலையாவது அந்த வகுப்பைத் தள்ளி வைத்திருக்கலாம்.

பறக்க அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி கொழும்பிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். எல்லாவற்றையும் பார்த்துப் பாராட்டினார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கூரை ஆகாயத்தில் திறந்துகொண்டால் யார் பொறுப்பு, சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பதுளைப் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது. மழை விட்டபோது தை பிறந்திருந்தது. அண்ணன் கண் பரிசோதனைக்குப் போய் வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

விமானத்தை நீர்கொழும்பில் ஒருவருக்கு விற்றார். அனுப்புவதற்கு முன் துடைத்து வைப்போம் என்று நான் ஒரு காலையில் போனேன். இடது கொக்கிக்கு உள்ளே விரலை விட்டபோது பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

வீட்டு நிலைக்குப் பொட்டு வைக்காமல் அம்மா விடுவாரா? இந்த வண்டிக்குக் கதவு இந்தக் கூரைதான், கதவு சேரும் இடம் இந்தக் கொக்கிதான் என்று தாராளமாக அப்பியிருக்கிறார். அது வழிந்து நெம்புகோலின் இடுக்கில் போயிருக்கிறது. பனியில் ஊறிப் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். பகல் சூட்டில் காய்ந்து விட்டுவிடும். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொக்கியைப் போட்டேன். அந்தப் பனியிலேயே விளக்கு அணைந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார். அண்ணனுக்குத் தெரிந்தால் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பார்?

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் டவுனில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து மெஷினுக்கெல்லாம் வைத்துவிட்டு, கடைசியாகக் கதவுப் பூட்டுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"பூட்டுல வேணாம்மா" என்றார் அண்ணன். "மேல, நெலையில வைங்க."

"ஏன்ப்பா?"

"சும்மாதான்மா."

நான் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவின் கையைப் பிடித்து, நிலைக்கு எட்டும்படி மெதுவாக உயர்த்திக்கொண்டிருந்தார்.